மரியாதையாகத்தான் மிரட்டினார்கள்

"பாப்பா மூணாவதுங்களா? அந்த மஞ்ச பஸ்லதான போகுது?"

டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். எனக்கு அவர் யாரென்று தெரியாது. அவருக்கு என் மகளின் வகுப்பு தெரிந்திருந்தது. காலை எட்டே காலுக்கு அவள் பஸ்ஸுக்கு நிற்கும் வேப்பமரம்கூடத் தெரிந்திருந்தது. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். எழுந்து போகும்போது, "சூதானமா இருந்துக்குங்க, வரட்டுங்களா" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் மிரட்டும்போதும் 'ங்க' போகாது. இதைப் புகாராக எழுதிக் கொடுத்தால் என்ன கேட்பார்கள்? "டீ வாங்கிக் கொடுத்தாரு, குழந்தையை விசாரிச்சாரு, இதுல என்னங்க மிரட்டல்?" அதையேதான் கேட்டார்கள்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் கோயிலிலும் தமிழ். கிழக்கே போனால் வேலந்தாவளம், அதைத் தாண்டினால் கோவை மாவட்டம். கோவைப் பதிப்புப் பத்திரிகைகள் காலை பஸ்ஸில் வந்து இறங்கும். அவற்றில் ஒன்றுக்கு நான் பகுதி நேர நிருபர். பகுதி நேரம் என்பது பணத்துக்கு மட்டும்தான். செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டு அடுப்பு எரிவது மனைவியின் தையல் மெஷினால்.

2021இல் நான் கையில் எடுத்தது ரேஷன் அரிசி. அது எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதலாகக் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் சும்மா கிடைக்கும் புழுங்கலரிசிக்கு இந்தப் பக்கம் விலை உண்டு. மொபெட்டில் வீடு வீடாகப் போய்க் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்குவார்கள். ஏதாவது ஒரு வீட்டில் சேர்த்துவைத்து, ராத்திரி ஆம்னியிலோ பிக்கப்பிலோ ஏற்றுவார்கள். முன்னால் ஒரு பைக் வழி பார்த்துக்கொண்டு போகும், அதற்குப் பெயர் பைலட். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சோதனைச்சாவடிகள் எல்லாம் பெரிய ரோட்டில்தான் இருக்கின்றன. தென்னந்தோப்புக்கு நடுவே போகும் இட்டேரிகளில் யார் சாவடி போடுவது? இங்கே வந்ததும் மில்லில் தீட்டி, வேறு சாக்கில் கட்டி, ஒரு பிராண்டு பெயரோடு கடைக்குப் போகும்.

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாதத்துக்கு ஒரு மொபெட்காரர் பிடிபடுவார், நாலு வரி செய்தி வரும். எனக்குக் கிடைத்தது வேறு. வீடு வீடாக வாங்கிய அரிசி என்றால் சாக்கு கலந்து வரும், தையல் கையால் போட்டிருக்கும், அரிசியிலேயே இரண்டு மூன்று நிறம் இருக்கும். ஒரு குடோனில் வந்து இறங்கிய மூட்டைகள் அப்படி இல்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் முத்திரையோடு, மெஷின் தையல்கூடப் பிரிக்காமல் இருந்தன. அப்படியென்றால் அது எந்தக் குடும்ப அட்டைக்காரர் வீட்டையும் எட்டிப்பார்க்கவில்லை. அதற்கு முன்பே எங்கேயோ கைமாறியிருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் அந்தக் குடோனில் லோடுமேன். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றே எழுதுகிறேன். மூட்டை அடுக்கின் மேலே ஏறி நின்று, கீழே சாக்கு மாற்றிக் கட்டுவதை அவருடைய போனில் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பினார். நல்ல படம். அந்தப் படத்தால்தான் செய்தி நின்றது.

நான் செய்த முதல் தப்பு, அவசரம். படம் கையில் கிடைத்த அன்றே, தர்மப்படி அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டுமே என்று சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கேட்டது சரிதான். கேட்ட நேரம்தான் தப்பு. அப்போது நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. படம் என் போனைத் தவிர வேறெங்கும் இல்லை. மறுநாள் காலை வெள்ளை வேட்டிக்காரர் டீக்கடைக்கு வந்துவிட்டார். விஷயம் நம் ஒருவன் கையில் மட்டும் இருக்கும் நாட்கள்தான் நமக்கு மோசமான நாட்கள், ஏனென்றால் நம்மை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும். இப்போதெல்லாம் முழுச் செய்தியும் எழுதி முடித்து, படமும் ஆவணமும் இன்னும் இரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கேள்விப் போன். எதிராளிக்குப் பதில் சொல்ல ஒரு நாள் அவகாசம் தரலாம், ஒரு வாரம் தரக்கூடாது.

ஆபத்து எங்கிருந்தோ முகமூடி போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மூர்க்காரர்கள்தான் வருகிறார்கள். சத்தீஸ்கரில் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற பத்திரிகையாளர் ரோடு போட்டதில் நடந்த ஊழலைப் பற்றிச் செய்தி வெளியான பிறகு காணாமல் போனார். 2025 ஜனவரி 3 அன்று ஒரு காண்டிராக்டருடைய இடத்தில், புதிதாக சிமென்ட் போட்டு மூடிய செப்டிக் டேங்குக்குள் அவர் உடல் கிடைத்தது. கைதானவர்களில் அவருடைய சொந்தக்காரர்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றிய மாநிலம் அது. டெல்லியிலிருந்து வந்து எழுதிவிட்டு விமானம் ஏறுகிறவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நாம் எழுதியவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்கும் பத்திரிகை வரும்.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். என் வீடு கேரளத்தில். குடோன் கேரளத்தில். அரிசி தமிழ்நாட்டுடையது. அன்று சாயங்காலமே, "எழுதறதுக்கு எத்தனையோ இருக்குதுங்களே" என்று வந்த போன் தமிழ்நாட்டு நம்பர். டீக்கடையோ எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடி. இங்கே போனால், "அது தமிழ்நாடு லிமிட்டல்லே சேட்டா" என்றார்கள். அங்கே போனால், "நீங்க கேரளாவுல குடியிருக்கீங்க, அங்கதான் குடுக்கோணும்" என்றார்கள். இரண்டு நாள் பஸ் டிக்கெட்தான் மிச்சம்.

1910 செப்டம்பர் 26இல் திருவிதாங்கூர் அரசு 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தி, அச்சகத்தையும் பறிமுதல் செய்தது. அவரைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அன்று எழுதுகிறவனை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். இன்று யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் எல்லையின் மேலேயே வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், நாம்தான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைகிறோம்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இப்போது எல்லையோரத்தில் எழுதும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சம்பவம் எந்த நிலைய எல்லையில் நடந்தாலும், வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால், எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் இது எழுத்திலேயே இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாலும் போதும். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். தமிழ்நாட்டில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், கேரளத்திலும் மனுவுக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாமல் படி இறங்காதீர்கள். பிற்பாடு ஏதாவது நடந்தால், "இவர் எங்ககிட்ட வரவே இல்லைங்களே" என்று சொல்ல முடியாமல் செய்வது அந்தத் துண்டுச்சீட்டுதான்.

மனுவில் என்ன எழுதுவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. நான் முதலில் எழுதிய மனுவில் முழுச் செய்தியையும் கொட்டியிருந்தேன், குடோன் எங்கே, எத்தனை மூட்டை, எல்லாம். நல்ல வேளை, வாங்க மறுத்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரல் 13 அன்று மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தார். 25ஆம் தேதி பட்டப்பகலில் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்தே வெட்டிக் கொன்றார்கள். அரசு ஊழியருக்கே அந்தக் கதி என்றால் செய்திக்கு இவ்வளவு வாங்குகிறவனுக்கு என்ன? மனுவில் மிரட்டலை மட்டும் எழுத வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள். செய்தியின் விவரமும் சொன்னவரின் வாடையும் அதில் இருக்கக்கூடாது.

டீக்கடைப் பேச்சு தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று வாரத்தில் பதினோரு சம்பவம். எழுதி வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அது மிரட்டல் என்று எனக்கே உறைத்தது. எஸ்.பி. அலுவலகத்தில் அந்த நோட்டின் நகலைத்தான் உட்கார்ந்து படித்தார்கள். குரல் பதிவு இருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். புதுப் போன் வாங்கும்போது பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்றார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63ஆம் பிரிவு. மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

பத்திரிகை? மிரட்டல் வருகிறது என்று சொன்னதும் மறுமுனையில் இருந்தவர், "நீங்க நம்ம பே-ரோல்ல இல்லையே" என்றார். பன்னிரண்டு வருஷம் எழுதியிருந்தேன். நியமனக் கடிதம் என்று ஒரு காகிதம் இல்லை, அட்டை காலாவதியாகி இரண்டு வருஷம். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் புதிதாக வரும் பையன்களிடம் சொல்வேன்: படம் வந்தால் சந்தோஷப்படு, அதற்கு முன் ஒரு கடிதம் வாங்கு. மின்னஞ்சலில், "இந்தச் செய்தியைச் செய்யுங்கள்" என்று ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு வரி இருந்தால்கூடப் போதும். நீ தனியாகக் கிளம்பிப் போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்தக் கடிதம் எதற்கு என்று அடுத்த வாரமே புரிந்தது. என் ஜிபேக்கு முன்பின் தெரியாத ஒரு நம்பரிலிருந்து 5,000 ரூபாய் வந்தது. முதலில் யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டுப் பையன்தான், "அண்ணா, தொடாதீங்க" என்றான். ஊர்ப்பக்கத்து நிருபர்களை அடக்க அரிவாள் தேவையே இல்லை. பணம் கேட்டு மிரட்டினார் என்று ஒரு புகார் போதும். ஆதாரம் நம் அக்கவுண்ட்டிலேயே இருக்கும். நம் தொழிலில் கவர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதனால்தான் அந்தப் பொய் சுலபமாக நம்பப்படுகிறது. அரை மணி நேரத்தில் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். எதற்கென்று தெரியாமல் வந்த பணம், திருப்பி அனுப்புகிறேன் என்று பேங்குக்கும் பத்திரிகைக்கும் மின்னஞ்சல் போட்டேன். பிறகு அந்த நம்பர் அணைந்துபோனது.

ஆனால் ராத்திரியில் தூக்கம் வராமல் பண்ணியது பணமோ போனோ இல்லை, டிப்பர். நாம் எல்லோரும் டூவீலர்காரர்கள். 2018 மார்ச்சில் மத்தியப் பிரதேசம் பிண்டில் மணல் கொள்ளையையும் போலீசையும் பற்றிச் செய்தி போட்ட டி.வி. நிருபர் சந்தீப் சர்மா, பைக்கில் போகும்போது லாரி ஏறிச் செத்தார். உயிருக்கு ஆபத்து என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தவர். ரோட்டோரக் கேமராவில் அந்த லாரி அவர் பக்கம் வளைவது பதிவாகியிருந்தது. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை திருமயத்தில், கல்குவாரிகளை எதிர்த்துப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலியும் டூவீலரில் போகும்போதுதான் லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்பார்கள், அதுதான் லாரியின் சௌகரியம்.

நான் அந்த மூன்று மாதம் இருட்டினால் வண்டி எடுக்கவில்லை. பஸ்ஸில் போனேன். வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டியில்கூடத் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மகளை வேறு நிறுத்தத்தில் ஏற்றினோம். கிளம்பும்போது மனைவிக்கு மட்டுமல்லாமல் நண்பர் ஒருவருக்கும் லைவ் லொக்கேஷன். குறித்த நேரத்துக்கு நான் கூப்பிடவில்லை என்றால் யாருக்கு முதலில் போன் போடுவது, அடுத்து யாருக்கு என்று நாலு நம்பர் எழுதிய சீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தது. உள்ளூர் நிலையம் ஒன்றை மட்டும் நம்பி அந்தச் சீட்டை எழுதாதீர்கள். 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு தொலைக்காட்சி நிருபர், ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று போலீசிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வெட்டினார்கள். அந்த ஆடியோவைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் சீட்டில் எஸ்.பி. அலுவலகக் கட்டுப்பாட்டு அறையும் இரண்டு சக நிருபர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

செய்தி கடைசியில் வந்தது எப்படி என்றால், பாலக்காட்டில் ஒரு மலையாளப் பத்திரிகை நிருபரால். எனக்குப் பழக்கம்தான், ஆனால் தொழிலில் போட்டியாள். முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு மொழியிலும் ஒரே நாள் காலை வருவது என்று பேசிக்கொண்டோம். பிரத்தியேகம் போச்சே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது உண்மை. அமெரிக்காவில் அரிசோனாவில் 1976இல் டான் போல்ஸ் என்ற நிருபரைக் காரில் குண்டு வைத்துக் கொன்றபோது, பல பத்திரிகைகளின் நிருபர்கள் அங்கே ஒன்றாகப் போய் இறங்கி, அந்த மாநிலத்தின் ஊழலைத் தோண்டி எழுதினார்கள். 2017இல் மால்டாவில் டாஃப்னி கரூவானா கலீசியாவும் கார் குண்டில்தான் கொல்லப்பட்டார். அவர் விட்ட வேலையை மறுவருஷம் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து தொடர்ந்தார்கள். நாங்கள் செய்தது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் செய்தி இரண்டு மொழியில் வந்த அன்று டீக்கடையில் எனக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை. என்னை நிறுத்திப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

சோதனை நடந்தது, மூட்டைகள் பிடிபட்டன, இரண்டு டிரைவர்கள் கைதானார்கள். குடோன் ஒரு மாதம் மூடியிருந்து வேறு பெயர்ப்பலகையோடு திறந்தது.

அண்ணனுடைய கால் முறிந்தது செய்தி வந்த மூன்றாம் நாள். மூட்டை சரிந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது. அவரே அப்படித்தான் சொன்னார்.

நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் முகங்களை மறைத்தேன். அவர் நம்பரை என் போனில் 'தேங்காய்' என்று வைத்திருந்தேன். படம் வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்: அந்தக் குடோனில் லோடுமேன்கள் நாலு பேர், படத்தில் இருப்பது மூன்று பேர். முகத்தை மறைத்து என்ன பயன்? யார் இல்லையோ அவர்தான் எடுத்தவர். நாலு வருஷமாக இதைத்தான் பையன்களுக்குச் சொல்லி வந்தேன். படத்தில் இருப்பவர்களை மட்டும் பார்க்காதே, இல்லாதவரையும் எண்ணு. எந்த இடத்தில் நின்றால் அந்தக் கோணம் கிடைக்கும், அங்கே யாரெல்லாம் நிற்க முடியும் என்று பார். முடிந்தால் படத்தைப் போடவே வேண்டாம், அதில் தெரியும் இடத்துக்கு அதிகாரிகளைக் கொண்டுபோ.

போன கார்த்திகையில் அண்ணனுடைய மனைவியை, அந்த அக்காவை, சந்தையில் பார்த்தேன். அவர்கள் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள், ஊர்ப் பெயர் எழுத மாட்டேன். அண்ணன் கயிறு கம்பெனியில் உட்கார்ந்த வேலை பார்க்கிறாராம். செலவுக்கு நான் அப்போது கையில் கொடுத்த பணத்தைப் பற்றி அக்காவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது கேட்டார்.

"அந்தப் போட்டோ இன்னும் வெச்சிருக்கீங்களா தம்பி?"

எடுத்துக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, கீழே இடது மூலைக்குக் கொண்டுபோனார். மூட்டை அடுக்கின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார், ஒன்றில் வார் அறுந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

"அரிசி மேல செருப்போட ஏற மாட்டாருங்க," என்றார்.